வெள்ளை அணுவும் ஏழுமலை அண்ணன் காலும்

டீக்கடைக்காரரைப் பார்த்தா சிரிக்கிறீங்க, பூக்கார அம்மாவைப் பார்த்தா சிரிக்கிறீங்க, ரத்தம் எடுக்கறவளைப் பார்த்தா மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிறீங்க. பரவால்ல, எனக்குப் பழகிடுச்சு. கையை நீட்டுன்னா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, ஊசி படறதுக்கு முன்னாடியே "ஸ்ஸ்ஸ்"னு இழுத்தவங்கதானே நீங்களும்? அப்ப நாம எல்லாரும் ஒரே கட்சிதான். நான் ஊசிக்கு இந்தப் பக்கம், நீங்க அந்தப் பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம்.

திருவண்ணாமலை தனி ஜில்லாவா பிரிஞ்சுதே, அந்த 1989ல நான் வேலைக்குச் சேர்ந்தேன். தேரடித் தெருவுக்குப் பக்கத்துச் சந்துல ஒரு மாடி வீடு. மேல டாக்டர், கீழ லேப். டாக்டருக்குப் பேர் இருந்துச்சு, ஆனா ஊரே "மாடி டாக்டர்"னுதான் சொல்லும். கீழ முன்ரூம்ல மும்தாஜ் அக்கா. ஊசி குத்தறது, பஞ்சு குடுக்கறது, வர்றவங்களை அதட்டி உக்கார வைக்கிறது எல்லாம் அவங்க. உள்ரூம்ல மைக்ராஸ்கோப்புக்குள்ள கண்ணை விட்டுக்கிட்டு நான். வெள்ளை அணு, சிவப்பு அணு எண்ணி எண்ணியே கண்ணாடி போட்டவ.

நான் சொல்லப் போற சங்கதியில ஏழுமலை அண்ணன் அடிக்கடி தலை காட்டுவாரு. வீடு அடி அண்ணாமலையில. கிரிவலம் கிளம்பற இடத்துல செருப்பு பாத்துக்கற கடை வெச்சிருந்தாரு. வெறுங்காலோட மலையைச் சுத்தப் போறவங்க அவர்கிட்ட செருப்பைக் கழட்டிக் குடுத்துட்டுப் போவாங்க, சுத்திட்டு வந்து வாங்கிக்குவாங்க. அவருக்கு ரொம்ப நாளா சர்க்கரை. கால்ல உணர்ச்சி போயிடுச்சு, ஆணி ஏறினாலும் தெரியாது. அப்படியிருந்தும் பௌர்ணமின்னா அவரும் வெறுங்காலோட சுத்துவாரு. அந்தக் கால் ரெண்டும் அவர்கிட்டயே இருக்கணுமேன்னு எங்க மூணு பேருக்கும் தீராத கவலை. அவருக்கு மட்டும் அந்தக் கவலை கிடையாது.

பரிட்சைக்கு வந்தவர்

எங்க ஊர்ல ரத்த டெஸ்ட்டுன்னா அது பரிட்சை. நோய் என்னன்னு தெரிஞ்சுக்க யாரும் வர்றதில்ல, பாஸ் பண்ண வருவாங்க. ஏழுமலை அண்ணன் அதுல முதல் மாணவர். சர்க்கரை பாக்கற நாள் நெருங்கினா சோத்தைத் தொடமாட்டாரு. பாகற்காய், கஞ்சித் தண்ணி, கொஞ்சம் விபூதி. "கரெக்டா இருக்குது"ன்னு ரிப்போர்ட் வாங்கி மடிச்சுப் பையில வெச்சதும் நேரா எதிர்க்க இருக்கிற மிட்டாய்க் கடைக்குப் போயிடுவாரு.

ஒரு நாள் ஜன்னல் வழியா நானே பார்த்துட்டேன். கையில ஜாங்கிரி, வாயில ஜாங்கிரி. எனக்கு வந்த கோபத்துல ஸ்லைடைக் கூட மூடாம எழுந்து ஓடினேன். "ஏண்ணே, யாரை ஏமாத்தறீங்க நீங்க?"ன்னு நடுத்தெருவுல கத்தினேன். மென்னு முழுங்கி, வாயைத் துடைச்சு, ரொம்பப் பொறுமையா பதில் சொன்னாரு:

"டாக்டரைத்தாம்மா. பின்ன, என்னை நானே ஏமாத்திக்கறதுக்கு எனக்கு இன்னா பைத்தியமா?"

போலீஸ் ஜாஸ்தி

அக்குள்ல கட்டி வந்து, கையைக் கீழ இறக்க முடியாம, பஸ்ஸுல கம்பியைப் பிடிச்ச மாதிரியே கையைத் தூக்கிக்கிட்டு ஒரு பெரியவர் வந்தாரு. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கரும்பு போடறவரு. வெள்ளை அணு எண்ணிப் பார்த்தேன், பதினஞ்சாயிரம். சாதாரணமா இருக்க வேண்டியது பதினோராயிரத்துக்குள்ள. கூட வந்த மகன் காலேஜ் படிக்கிறவன். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பதறிட்டான். "மேடம், ஜாஸ்தியா இருக்கே, கம்மி பண்றதுக்கு மாத்திரை குடுங்க"ன்னு ஒரே பிடிவாதம்.

"தம்பி, வெள்ளை அணு நோய் கிடையாது, அது காவல். கட்டிக்குள்ள கிருமி பூந்திருக்கு. அங்கயே ரோந்து சுத்திக்கிட்டு இருக்கிற அணு அதைப் பார்த்துட்டுக் கத்தும். சத்தம் கேட்டு எலும்புக்குள்ள இருக்கிற மத்ததெல்லாம் ஓடி வரும். அந்தக் கூட்டத்தைத்தான் நான் எண்ணியிருக்கேன். விரட்ட வேண்டியது கிருமியை"ன்னேன். அவன் மண்டையில ஏறல. தூக்கின கையோட நின்னுக்கிட்டிருந்த அப்பா மகனைப் பார்த்துச் சொன்னாரு:

"தீபத்துக்கு ஊர்ல போலீசு ஜாஸ்தியா வருதே, அத்த கம்மி பண்ணு கம்மி பண்ணுன்னு நீ போய் எஸ்.பி.கிட்ட மனு குடுப்பியாடா?"

பவுடர் போட்ட பிள்ளை

இந்தத் தொந்தரவை நீங்களும் குடுத்திருப்பீங்க, மறுக்காதீங்க. ஒரு டீச்சரம்மா பையனைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. வீட்டுல காய்ச்சல் நூத்தி மூணுன்னு அழுதாங்க. இங்க தெர்மாமீட்டர் வெச்சா ஒண்ணுமே இல்ல. பையன் தலை சீவி, பவுடர் போட்டு, சட்டை இஸ்திரி போட்டு, கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி நின்னான். விசாரிச்சா, கிளம்பறப்போ காய்ச்சல் மாத்திரை ஒண்ணு குடுத்துத்தான் கூட்டிக்கிட்டு வந்திருக்காங்க.

மாடி டாக்டர் இதுக்கெல்லாம் ரொம்பக் கோபப்படுவாரு. "அம்மா, அந்தச் சூடு கிருமி போட்டது இல்ல. கிருமியைக் கண்டுபிடிச்ச வெள்ளை அணு மூளைக்குச் சேதி சொல்லி, உங்க பிள்ளை உடம்பே போட்ட சூடு அது. எவ்வளவு ஏறுது, எப்ப ஏறுதுன்னு பார்த்தாதான் உள்ள நடக்கறது எனக்குப் புரியும். நீங்க அணைச்சுட்டு வந்து, அடுப்பு எரியுதா பாருங்கன்னா நான் எங்க போய்ப் பாக்கறது?"ன்னாரு. டீச்சரம்மாவுக்கு அழுகை நின்னு ரோஷம் வந்துடுச்சு:

"அதுக்காக, டாக்டர் முன்னாடி என் பிள்ளை காய்ச்சலோட வந்து நிக்கணுமா சார்? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

செத்த கிருமி

கைக்குழந்தையோட ஒரு சின்னப் பொண்ணு வந்து மும்தாஜ் அக்காகிட்ட சண்டை. முதல் நாள் குழந்தைக்கு முத்தடுப்பு ஊசி போட்டிருக்காங்க. ராத்திரியெல்லாம் காய்ச்சல், தொடை வீக்கம். ஊசி போட்டது வேற இடம், திட்டு வாங்கறது நாங்க. நம்ம தொழில் அப்படி. ஊசின்னு கையில பிடிச்சவங்க எல்லாரும் ஜனங்களுக்கு ஒரே ஆளுதான்.

"அந்த ஊசியில இருக்கிற கிருமி செத்துப்போன கிருமிம்மா, ஒண்ணும் பண்ணாது, வந்த காய்ச்சல் நாளைக்கு இறங்கிடும்"னேன். "செத்ததுக்கு எதுக்குக் காய்ச்சல் வருது?"ன்னு கேட்டா பாருங்க. மாடிக்கு ஓடிப் போய்க் கேட்டுக்கிட்டு வந்தேன். டாக்டர் சொன்னது இதுதான். வெள்ளை அணு கிருமிக்கு உயிர் இருக்கா இல்லையான்னு பாக்கறதில்ல. கிருமியோட மேல்தோல்ல சில சரக்கு இருக்கு, அது நம்ம உடம்புல எங்கயும் கிடையாது. அந்தத் தோலைத் தொட்டாலே போதும், வெள்ளை அணு கூச்சல் போட ஆரம்பிச்சுடும். சொன்னதை அப்படியே வந்து ஒப்பிச்சேன். அவ குழந்தையைத் தோள்ல மாத்திப் போட்டுக்கிட்டுச் சொன்னா:

"எங்க மாமியாரும் இப்டித்தான்க்கா, கயித்துல எங்கம்மா வூட்டுப் பொடவை காஞ்சாலே கத்த ஆரம்பிச்சுடும்."

ஜெர்மன் சாமி

செங்கம் ரோட்டுல, ஆசிரமத்துப் பக்கம் வாடகை ரூம்ல ரொம்ப வருஷமா ஒரு ஜெர்மன்காரர் இருந்தாரு. காவி வேட்டி, தாடி. எல்லாரும் ஜெர்மன் சாமின்னுவாங்க. வீட்டுக்கார அம்மாகிட்ட கத்துக்கிட்ட தமிழ் அப்படியே சரளமா வரும். தொண்டை வலின்னு வந்தாரு, மருந்து வேண்டாம்னுட்டாரு. "என் வெள்ளை அணு பாத்துக்கும், எனக்கு நம்பிக்கை கீது. அதை நான் ஒரு தடவை நேர்ல பாக்கணும்"னாரு.

சரின்னு ஒரு சொட்டு எடுத்துத் தேய்ச்சு, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்புல காட்டினேன். பாத்துக்கிட்டே இருந்தாரு. கண்ணுல தண்ணி. அப்புறம் எழுந்து நின்னு மைக்ராஸ்கோப்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு. எனக்கே மெய் சிலிர்த்துடுச்சுன்னு வெச்சுக்கோங்க. அந்த நேரம் பாத்து மும்தாஜ் அக்கா உள்ள வந்து, "சாமி, சாயம் ஊத்தினதும் அதெல்லாம் மௌத்தா போச்சு. ஊத்தலேன்னாலும் அதுங்களுக்கு ஆயுசு கம்மிதான். கட்டியில சீழ் வருதே, அது பூரா சண்டை போட்டுச் செத்த இதுங்கதான்"னு போட்டு உடைச்சுட்டாங்க. அந்த மனுஷன் முகம் வாடிப் போச்சு. சீரியஸாத்தான் கேட்டாரு:

"அப்போ நான் இதுங்களுக்குக் கருமாதி எதுவும் பண்ணணுமா?"

நார்மல்

இனி நம்ம ஏழுமலை அண்ணன். இது ரெண்டாயிரத்துக்கு அப்புறம் நடந்தது. அவர் பொண்ணுக்குக் கல்யாணமாகி ரொம்ப நாளா குழந்தை இல்ல. ஒரு வருஷம் பௌர்ணமி தவறாம வெறுங்காலோட மலையைச் சுத்தறேன்னு அண்ணாமலையாருக்கு வேண்டிக்கிட்டாரு. கடைசிப் பௌர்ணமிக்கு முந்தின வாரம், சம்சாரம் பச்சையம்மா அவரை இழுத்துக்கிட்டு வந்தாங்க. "சோறு எறங்கல, உடம்பு ஒரு மாதிரி கீதுன்றாரு, ரத்தம் பாரும்மா"ன்னாங்க. வலது கால்ல துணி சுத்தியிருந்துச்சு. "இன்னாண்ணே இது?"ன்னேன். "முள்ளு. வலியே இல்ல. வலி இல்லன்னா அது ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்?"னாரு.

ரத்தம் எடுத்தாச்சு. வெள்ளை அணு ஒன்பதாயிரம். நார்மல்தான்னு நானே சொல்லி எழுதிக் குடுத்துட்டேன், கேட்டதும் மனுஷன் குதிச்சுட்டாரு. நான் ஸ்லைடைப் பாக்க உள்ள போறதுக்குள்ள மிட்டாய்க் கடைக்குப் போய் ஒரு பெட்டி ஜாங்கிரியோட திரும்பி வந்து, காத்துக்கிட்டிருந்தவங்களுக்கெல்லாம் குடுக்க ஆரம்பிச்சுட்டாரு. நான் உள்ள ஸ்லைடைப் பார்த்தேன். திரும்ப ஒரு தடவை எண்ணினேன். கணக்கு சரியா இருக்கு, ஆனா இருக்கிறதுல பாதிக்கு மேல பிஞ்சு. முதிர்ந்த அணுவுக்கு நடுவுல இருக்கிற கரு துண்டு துண்டா பிரிஞ்சிருக்கும். இதுங்களுக்கு இன்னும் பிரியக்கூட இல்ல, வளைஞ்ச குச்சியாட்டம் இருக்கு. அப்படின்னா பெரிய சண்டை நடந்து, பெரிய ஆளுங்க செத்துக்கிட்டே இருக்காங்க, எலும்பு தன்கிட்ட இருக்கிற பிஞ்சையெல்லாம் அனுப்பிக்கிட்டு இருக்கு. அதான் கூட்டல் கணக்கு ஒன்பதாயிரத்துல நிக்குது.

வெளிய ஓடி வந்து, "அண்ணே, உடனே மாடிக்குப் போங்க, காலை டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னேன். மாட்டேன்னுட்டாரு. காட்டினா படுக்க வெச்சுடுவாரு, பௌர்ணமி போயிடும், பொண்ணு வாழ்க்கை போயிடும். இவ்வளவுதான் அவர் கணக்கு. கெஞ்சினேன், திட்டினேன், மும்தாஜ் அக்கா வாசக்கதவையே சாத்திட்டாங்க. அவர் ரிப்போர்ட்டை என் மூக்குக்கு நேரா ஆட்டிச் சொன்னாரு:

"நார்மல்னு உங்க வாயாலதான சொன்னீங்க? நார்மலுக்கு எவனாவது டாக்டர்கிட்ட போவானா?"

உள்ளங்கால்

அவர் மாடி ஏறல, அதனால மாடி டாக்டர் கீழ இறங்கி வந்தாரு. அவருக்கு மூட்டு வலி, படி இறங்கறது லேசுப்பட்ட காரியமில்ல. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏழுமலை அண்ணன் எதிர்க்க உக்காந்தாரு. கோபமே படல, அதைப் பார்த்து எனக்கு இன்னும் பயமாயிடுச்சு.

"உள்ள காவல் இருக்குது, அது பாத்துக்கும் சார். இந்தப் பொண்ணே எத்தினி தபா சொல்லியிருக்குது"ன்னு ஏழுமலை அண்ணன் என்னையே சாட்சிக்கு இழுத்தாரு. டாக்டர் கேட்டாரு: "சரி, உங்க கடைக்கு வருவோம். டோக்கன் கிடையாது, அவ்வளவு கூட்டம் வருது, எல்லார் மூஞ்சியும் உங்களுக்கு ஞாபகம் இருக்காது. வேற ஒருத்தன் செருப்பைத் திருட வந்தவனை எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" அண்ணன் முகம் பிரகாசமாயிடுச்சு. "அது ரொம்ப சுளுவு சார். காலைத் தூக்கிக் காட்டுன்னுவேன். மலையைச் சுத்திட்டு வந்தவன் உள்ளங்கால் கரிச்சட்டியாட்டம் கறுத்துப் போயிருக்கும். திருட வந்தவன் சும்மா சுத்திகினு இருந்தவன், அவன் கால் வெள்ளையா இருக்கும். மூஞ்சி எதுக்கு, கால் போதும்."

டாக்டர் தொடையில ஒரு தட்டு தட்டினாரு. "அதேதான்யா! வெள்ளை அணுவுக்கும் மூஞ்சி தெரியாது. எந்தக் கிருமி, என்ன பேரு, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது. திருட வந்தவன்கிட்ட மட்டும் இருக்கிற ஒரு அடையாளம், அதைத் தடவிப் பாக்க அது மேல சின்னச் சின்னக் கொக்கி இருக்கு. அந்தக் கொக்கியெல்லாம் என்னன்னு இப்பத்தான், தொண்ணூறுகள் கடைசியிலதான் தெளிவா கண்டுபிடிச்சாங்க. தட்டுப்பட்டதும் கத்தும், ரத்தக் குழாயைத் திறக்கும், ஆள் கூப்பிடும். சிவந்து, வீங்கி, சூடாகி, வலிக்கும். இப்ப உங்க காலுக்கு வாங்க. சர்க்கரையில கிடந்து கிடந்து காவல்காரனுக்குக் கை கால் மந்தம். கூப்பிட்ட ஆளு வந்து சேர ரத்தம் ஓடற வழி குறுகலாயிடுச்சு. உங்களை எழுப்ப வேண்டிய வலிக்கு நரம்பு செத்துப்போச்சு. உள்ள அவன் கத்து கத்துன்னு கத்தறான், உங்களுக்குக் கேக்கல. கடையைச் சூறையாடிக்கிட்டு இருக்காங்கய்யா!"

அண்ணன் காலை உள்ள இழுத்துக்கிட்டாரு. டாக்டர் குனிஞ்சு துணியை அவிழ்த்தாரு. நாத்தம் குப்புனு அடிச்சுது. சுண்டு விரல் கறுத்துப் போய், உள்ளங்கால்ல ஒரு குழி. பக்கத்துல நின்ன பச்சையம்மா பார்த்தாங்க. கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுது, குரல் மட்டும் கத்தியாட்டம் வந்துச்சு:

"ஊரு உலகத்துல எல்லார் உள்ளங்காலையும் தூக்கிப் பாத்தியே, உன்னுத ஒரு நாள் பாத்தியா?"

மும்தாஜ் அக்கா காவல்

பக்கத்துத் தெரு நர்சிங் ஹோம்ல அன்னிக்கே படுக்க வெச்சாங்க. விரலை எடுத்துடணும், அதோட நிக்குமா, கணுக்கால் வரைக்கும் போகுமான்னு இன்னும் தெரியாதுன்னு சர்ஜன் சொல்லிட்டாரு. அந்த நிலைமையிலயும் அண்ணன் வேண்டுதல், வேண்டுதல்னு புலம்பிக்கிட்டே இருந்தாரு. பச்சையம்மா முடிவா சொல்லிட்டாங்க: "வேண்டிக்கினது குடும்பத்துக்குத்தான? குடும்பத்துல யாரு சுத்தினா இன்னா? நானும் பொண்ணும் சுத்தறோம், நீ கெட." கடையில யாரு உக்கார்றது? பௌர்ணமிக் கூட்டத்துலதான் அவங்களுக்கு வருமானம். மும்தாஜ் அக்கா முந்தானையை உதறி இடுப்புல செருகிக்கிட்டாங்க. "அண்ணன் சொன்னதுதான் மந்திரம். கால் கறுப்பு, செருப்பு வாங்கிக்கோ. கால் வெள்ளை, ஓடு. அவ்வளவுதானே?"

விடிகாலையில நான் டீ வாங்கிக்கிட்டுப் போனப்போ கடை முன்னாடி ஒரே ரகளை. பட்டு வேட்டி கட்டின ஒருத்தர், கூட பொண்டாட்டி, மாமியார். அவருதான் உசந்த தோல் செருப்பைக் கேக்கறாரு, அக்கா காலைத் தூக்கிக் காட்டச் சொல்றாங்க. அவர் காட்டமாட்டேன்றாரு. கூட்டம் சேர்ந்து வற்புறுத்தி, கடைசியில தூக்கிக் காட்டினா, கால் பளபளன்னு பஞ்சாமிர்தம் வெச்சுச் சாப்பிடலாம் போல இருக்கு. அக்கா "திருடன்!"னு கத்திட்டாங்க. பாவம், திருடன் இல்ல. பாதி வழியில கால் வலிக்குதுன்னு மாமியார் கூட்டத்தை முன்னாடி அனுப்பிட்டு, ஆட்டோவுல மீதி மலையைச் சுத்தி வந்து, கோயில் வாசல்ல தண்ணி விட்டுக் காலைக் கழுவிக்கிட்டு நின்னிருக்காரு மனுஷன். காவல்னா இந்தத் தப்பும் நடக்கும், நம்ம ஆளையே பிடிச்சுடும், வெள்ளை அணுவும் சில பேர் உடம்புல இந்தக் கூத்து அடிக்கும்னு டாக்டர் அப்புறம் சொன்னாரு. செருப்பைக் கையில வாங்கித் தலையைக் குனிஞ்சு நின்ன மாப்பிள்ளையைப் பார்த்து மாமியார் மெதுவா கேட்டாங்க:

"ஏன் மாப்ள, புண்ணியத்துல பாதி அந்த ஆட்டோக்காரருக்குப் போயிடாதா?"

பதினேழாயிரம்

விரலை எடுத்தாச்சு. சீழை வழிச்சு எடுத்து, இன்சுலின் போட்டு, ரத்தத்துல மருந்து ஏத்தினாங்க. காலு நிக்குமா போகுமான்னு தெரியாத நாட்கள் அது. தினமும் காலையில நான்தான் போய் ரத்தம் எடுப்பேன். அண்ணன் பேசறதை நிறுத்திட்டாரு. அவர் பேசாம இருந்து நான் பார்த்ததே இல்ல. கணுக்காலுக்கு மேல சிவப்பு ஏறியிருக்குன்னு சர்ஜன் பேனாவால கோடு போட்டு வெச்சிருந்தாரு. சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினா காலை எடுக்கறதுன்னு முடிவு.

ஒரு காலையில எண்ணிப் பார்த்தா வெள்ளை அணு பதினேழாயிரம். ஸ்லைடைப் பார்த்தேன், முதிர்ந்த ஆளுங்க, திடகாத்திரமா, கரு துண்டு துண்டா பிரிஞ்சு, கூட்டம் கூட்டமா! பிஞ்சு அங்கொண்ணும் இங்கொண்ணும்தான். நான் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து, வெக்கமே இல்லாம "வந்துட்டாங்கக்கா, வந்துட்டாங்க!"னு கத்தினேன், மும்தாஜ் அக்காவைக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டேன். அன்னிக்குச் சாயந்திரம் சிவப்பு கோட்டுக்குக் கீழ இறங்கியிருந்துச்சு. ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு நர்சிங் ஹோமுக்கு ஓடினேன். பதினேழாயிரம்னு கேட்டதும் பொண்ணு மாரில அடிச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டா, நான் சிரிக்கிறேன். எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்த பச்சையம்மாவுக்கு ஒண்ணும் புரியல. "கால் பொழைச்சுதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு"ன்னாங்க. பொழைச்சுதுன்னேன். அப்படியே சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டாங்க.

கட்டு பிரிக்கிற அன்னிக்கு மாடி டாக்டரும் வந்தாரு. இனிமே கோயிலுக்குள்ள தவிர எங்கயும் வெறுங்கால் கூடாது, கிரிவலமே போனாலும் செருப்பு போட்டுத்தான் போகணும், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி காலைத் திருப்பிப் பாக்கணும்னு அடுக்கிக்கிட்டே போனாரு. அண்ணன் எல்லாத்துக்கும் தலையாட்டினாரு. ஒரு விரல் குறைஞ்ச காலை அங்கயே திருப்பிப் பார்த்தாரு. அழப் போறாருன்னு நான் பயந்துட்டேன். நிமிர்ந்து பார்த்து, பழைய ஏழுமலை அண்ணனா சொன்னாரு:

"போனா போவுது சார். இந்த ஒருத்தன் போனதைப் பாத்து மீதி ஒம்போது பேருக்காவது புத்தி வருட்டும்."

ஆக, அன்புள்ள ஊசிக்குத்து பங்காளிகளே, இத்தனை வருஷ ரத்தத்துல நான் கண்டது இவ்வளவுதான்: உள்ள இருக்கிற காவல்காரன் கண்ணு கொட்டாம வேலை பாக்கறான், வெளிய இருக்கிற நாமதான் அவன் கத்தறப்பல்லாம் ஒரு மாத்திரையைக் குடுத்து வாயை மூட வெச்சுட்டு, பவுடர் போட்டுக்கிட்டு டாக்டர்கிட்ட வந்து நிக்கறோம்.